குருமட மாணவர்களுக்காகச் செபிக்கும் பெண்கள்: வேண்டுதலுக்கு இடமுண்டு, அவர்கள் சொல்லுக்கு?

அமெரிக்காவில் பல கத்தோலிக்க வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. பார்த்தால் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி இருக்கும். வரிசையாக இளைஞர்களின் முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். அந்த மறைமாவட்டத்தில் பாதிரியார் ஆவதற்காகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். கத்தோலிக்க வழக்கில் 'குருமட மாணவர்கள்'.

பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும் அம்மாவோ பாட்டியோ ஒரு முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வார். அதற்காகத்தான் அந்த போஸ்டரை அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பங்குகளுக்கும் இந்த வேண்டுதல் புதிதல்ல. ஈஸ்டருக்குப் பின் வரும் நல்லாயன் ஞாயிறு, உலகம் முழுக்க 'இறை அழைத்தலுக்காக' செபிக்கும் நாள். 1964-ல் போப் ஆறாம் பால் தொடங்கிவைத்தது. அன்றைக்குக் கோயிலில் முழந்தாளிட்டு இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் பெண்களாகத்தான் இருப்பார்கள்.

சரி, இதுல விவாதிக்க என்ன இருக்கு? இருக்கு. பெண்கள் ஒருபோதும் ஏற முடியாத ஒரு பதவிக்கு ஆண்கள் தயாராகிறார்கள். அந்த ஆண்களுக்காகச் செபிக்கும்படி பெண்களைத் திருஅவையே கேட்டுக்கொள்கிறது. அப்படியானால், அந்த ஆண்களை யார் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதில் இந்தப் பெண்களுக்கு ஏதாவது சொல் இருக்கிறதா?

யாருக்காக இந்த வேண்டுதல்?

ஒருவர் பாதிரியார் ஆவது ஓராண்டு, ஈராண்டு வேலை இல்லை. 2016-ல் வாடிகன் வெளியிட்ட பயிற்சி விதிகளின்படி, முதலில் ஓராண்டு முதல் ஈராண்டு வரை தயாரிப்புக் காலம். பிறகு தத்துவம், குறைந்தது 2 ஆண்டு. அதன்பின் இறையியல், குறைந்தது 4 ஆண்டு. நடுவில் பங்குகளில் களப்பணி. எல்லாம் சேர்ந்தால் 8 ஆண்டுகளைத் தாண்டிவிடும்.

உள்ளே போகிற எல்லாரும் குருவாக வெளியே வருவதில்லை. பாதியில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. 'என் பிள்ளை சாமியாராப் போறான்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட குடும்பத்துக்கு அந்தத் திரும்புதல் எவ்வளவு கனமானது என்பது நம்ம கிராமங்களுக்குத் தெரியும்.

எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. வாடிகனின் புள்ளிவிவர ஆண்டறிக்கைப்படி, 2011-ல் உலகம் முழுக்கப் பெரிய குருமடங்களில் 1,20,616 மாணவர்கள் இருந்தார்கள். 2022-ல் அது 1,08,481. 2023-ல் 1,06,495. ஐரோப்பாவில் சரிவு வேகமாக இருக்கிறது. ஆசியாவிலும் குறைகிறது. ஆப்பிரிக்காவில்தான் கூடுகிறது. அதே காலத்தில் உலகக் கத்தோலிக்கர் எண்ணிக்கை 140 கோடியைத் தாண்டிவிட்டது.

ஆட்கள் குறையக் குறைய, 'செபியுங்கள்' என்ற அழைப்பு கூடுவது இயல்பு. அந்த அழைப்பு பெண்கள் பக்கம் திரும்புவதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கூடிய தாய்மார்கள்

இத்தாலியின் வடக்கே, தூரின் நகருக்குக் கிழக்கே லூ என்று ஒரு சின்ன ஊர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மோன்ஃபெராத்தோ மலைப்பகுதி. 1881-ல் அந்த ஊர்த் தாய்மார்கள் ஒரு முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் கோயிலில் கூடி நற்கருணை முன் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளில் ஒருவராவது குருவாகவோ துறவியாகவோ ஆகவேண்டும் என்று செபிப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு இதே கருத்துக்காக நற்கருணை வாங்குவது.

அந்த ஒரே ஊரிலிருந்து 323 பேர் துறவற, குருத்துவ வாழ்வுக்குப் போனார்கள் என்பது திருஅவையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் 152 பேர் குருக்களும் ஆண் துறவிகளும், 171 பேர் கன்னியர். சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த ஊருக்கு இது மலைக்கவைக்கும் எண்.

2007 டிசம்பர் 8-ம் தேதி, வாடிகனில் குருக்களைக் கவனிக்கும் துறை உலக ஆயர்களுக்கு எழுதியபோது இந்த லூ கதையை எடுத்துக்காட்டாக முன்வைத்தது. குருக்களுக்காகவும் குருமட மாணவர்களுக்காகவும் நற்கருணை ஆராதனை நடத்துங்கள், பெண்கள் அவர்களுக்கு 'ஆன்மிகத் தாய்' ஆகட்டும் என்பது அதன் சாரம். திருமணம் ஆனவர், ஆகாதவர், கைம்பெண், துறவி என்று யாரும் இதில் சேரலாம். அப்போது அந்தத் துறையின் தலைவராக இருந்தவர் பிரேசில் நாட்டு கர்தினால் கிளாவுதியோ ஹூம்மெஸ்.

2011-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இந்த எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. 'ஏழு சகோதரிகள்' என்பது அதன் பெயர். 7 பெண்கள், 1 குரு. வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள், அந்தக் குருவுக்காக மட்டும் ஒரு மணி நேர செபம். செலவு கிடையாது, அலுவலகம் வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். பங்குகளில் வேகமாகப் பரவியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

செபமாலையோடு கணக்குப் புத்தகமும்

'பெண்கள் செபிப்பதோடு சரி' என்று நினைத்தால் அது தவறு. குருமட மாணவர்களுக்காக உலக அளவில் இன்றும் நடக்கும் மிகப் பெரிய நிதி அமைப்பைத் தொடங்கியவர்கள் ஓர் அம்மாவும் மகளும்தான். இருவருமே துறவியர் அல்ல, பொதுநிலையினர்.

பிரான்ஸ் நாட்டின் கான் நகரில் வாழ்ந்தவர்கள் ஸ்தெஃபானி பிகார், அவர் மகள் ழான் பிகார். 1889-ல் ஜப்பானின் நாகசாகியிலிருந்து ஆயர் ஜூல் அல்ஃபோன்ஸ் கூசேன் இவர்களுக்கு எழுதினார். குருமடத்தில் சேர உள்ளூர் இளைஞர்கள் வருகிறார்கள், படிக்கவைக்கத்தான் பணமில்லை என்பது அவருடைய கவலை. கூசேன் பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். புதுச்சேரியில் நீண்டகாலம் பணியாற்றியதும் அதே சபைதான்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாகப் பிறந்ததுதான் 'புனித பேதுரு திருத்தூதர் சங்கம்'. ஐரோப்பியர் அல்லாத நாடுகளில் அந்தந்த ஊர் இளைஞர்களே குருக்களாக வேண்டும், அதற்குச் செபமும் பணமும் திரட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். வெள்ளைக்கார மிஷனரிகள்தான் எல்லாம் என்றிருந்த காலத்தில் இது சாதாரணப் பேச்சு கிடையாது. 1893-ல் போப் 13-ம் லியோ, இந்தியாவுக்கு இந்தியக் குருக்களே வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். அதே ஆண்டில் இலங்கையின் கண்டியில் இந்தியா முழுமைக்குமான பாப்பரசர் குருமடம் உருவானது. தமிழ்நாட்டு மாணவர்களும் கடல் தாண்டிப் போய்ப் படித்த அந்தக் குருமடம் 1955-ல் புனேவுக்கு மாறியது.

பிகார் குடும்பத்து முடிவு சோகமானது. 1903-ல் அம்மா இறந்தார். அதன்பின் ழான் மனநலம் குன்றி, 1934-ல் இறக்கும்வரை பெரும்பாலும் சிகிச்சையில்தான் கழித்தார். வேலை நின்றுவிடாமல் இருக்க, சங்கத்தின் பொறுப்பு மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளிடம் போனது. 1877-ல் நம்ம ஊட்டியில் வேர்விட்ட சபை அது. 1922-ல் போப் 11-ம் பயஸ் இந்தச் சங்கத்தைப் பாப்பரசரின் நேரடி அமைப்பாக உயர்த்தினார்.

ஆக, இந்தப் பெண்கள் நாகசாகியின் தேவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், பணம் சேர்த்தார்கள், கணக்கு எழுதினார்கள். 'செபிப்பவர்' என்ற சொல்லுக்குள் ஓர் அமைப்பாளரும் இருந்தார்.

வேண்டுதல் பலிக்குதா?

நம்பிக்கை உள்ளவருக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். ஆனால் லூ கணக்கை ஒரு நிரூபணமாகக் காட்டும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

அந்த ஊர் பெற்றெடுத்தவர்களில் அதிகம் அறியப்பட்டவர் பிலிப்போ ரினால்தி. டான் போஸ்கோவுக்குப் பின் சலேசிய சபையின் மூன்றாவது தலைவராக வந்தவர், 1990-ல் அருளாளர் பட்டம் பெற்றவர். அவர் பிறந்தது 1856-ல். அதாவது செவ்வாய்க்கிழமை செபம் தொடங்குவதற்கு 25 ஆண்டுகள் முன்பே. அவர் சலேசியரிடம் போய்ச் சேர்ந்ததும் 1881-க்கு முன்புதான்.

டான் போஸ்கோ தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மோன்ஃபெராத்தோ மலைகளில் நடைப்பயணம் வருவார். பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்கள், கோயிலைச் சுற்றியே நடந்த ஊர் வாழ்க்கை, படிப்புக்குத் துறவற சபைகள் திறந்துவிட்ட வழி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 323. அந்தச் சபையின் முதல் குழு இந்தியாவில் வந்திறங்கிய இடம் தஞ்சாவூர், ஆண்டு 1906. தமிழ்நாட்டிலும் படிப்பும் கோயிலும் கைகோத்த ஊர்களிலிருந்துதான் நிறையக் குருக்கள் வந்தார்கள்.

இதனால் தாய்மார்களின் செபத்துக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. வாரம் தவறாமல் அம்மா யாருக்காகப் போய் முழந்தாளிடுகிறார் என்று பார்த்து வளர்கிற பையனுக்கு அந்த வாழ்க்கை மதிப்புள்ளது என்று சொல்லாமலே புரியும். செபம் வீட்டில் ஒரு சூழலை உண்டாக்குகிறது. இதை நம்ப ஒருவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு என்ன பிரச்சினை?

திருஅவைக்குள்ளேயே ஒரு பிரிவுப் பெண்கள் கேட்கும் கேள்வி இது: 'எங்களைத் தாய் என்கிறீர்கள். வீட்டில் தாய் செபிப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லையே. பிள்ளை தப்பு செய்தால் கேட்பாள், வாத்தியாரைப் போய்ப் பார்ப்பாள். அந்தப் பங்கு எங்கே?'

பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை என்று 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் முடிவாக அறிவித்துவிட்டார். 2019-ல் அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றத்தில் திருமணமான ஆண்களுக்குக் குருப்பட்டம், பெண்களுக்கான திருப்பணிகள் பற்றியெல்லாம் பேசப்பட்டது. அந்த மாமன்றத்தின் பொது அறிக்கையாளர், 2007 கடிதத்தை எழுதிய அதே கர்தினால் ஹூம்மெஸ். ஆனால் 2020-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட மடல் அந்தக் கதவுகளைத் திறக்கவில்லை.

செபிக்கும் பெண்களில் பெரும்பாலோர் இந்தச் சண்டைக்குள் வர விரும்புவதில்லை. 'பட்டம் எங்களுக்கு வேண்டாம், நல்ல குரு வந்தால் போதும்' என்பதுதான் அவர்கள் நிலை. அதை மதிக்கவேண்டும். அடக்கிவைக்கப்பட்டவர்கள் என்று அவர்களை வெளியிலிருந்து முத்திரை குத்துவது நியாயமில்லை.

ஆனால் 'நல்ல குரு வந்தால் போதும்' என்பதும் ஒரு கோரிக்கைதான். அதில்தான் இடறல் வருகிறது.

கடிதம் எழுதிய ஓர் அம்மா

2020 நவம்பரில் வாடிகன் ஒரு நீண்ட விசாரணை அறிக்கையை வெளியிட்டது. தியோடர் மெக்காரிக் என்ற அமெரிக்க கர்தினால் பற்றியது. குருமட மாணவர்களிடமும் சிறுவர்களிடமும் பாலியல் அத்துமீறல் செய்தது உறுதியாகி, 2019-ல் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்டவர் அவர்.

அந்த அறிக்கையில் பெயர் சொல்லப்படாத ஓர் அம்மா வருகிறார். பல பிள்ளைகளைப் பெற்ற, பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண். ஆயராக இருந்த மெக்காரிக் அவர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர். தன் மகன்களிடம் அவர் பழகும் விதம் சரியில்லை என்று 1980-களிலேயே இந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திருஅவையின் மேலிடத்தில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் பெயர் போடாமல் எழுதினார்.

எதுவும் நடக்கவில்லை. மெக்காரிக் 1986-ல் நேவார்க் பேராயர் ஆனார். பிறகு வாஷிங்டன் பேராயர், 2001-ல் கர்தினால். குருமட மாணவர்களை ஏற்றுக்கொள்ளும், திருநிலைப்படுத்தும் அதிகாரம் அத்தனை ஆண்டுகளும் அவர் கையில் இருந்தது.

அதே காலத்தில் அந்த மாணவர்களுக்காகச் செபிக்கும்படி பங்குகளில் பெண்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் செபித்துக்கொண்டுதான் இருந்தார்கள். செபித்தவர்களில் ஒருத்தி கண்ணால் பார்த்து எழுதியதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லாமல் போனது.

சட்டத்தில் இருக்கு, பலருக்குத் தெரியாது

கல்யாணத்துக்கு முன் கோயிலில் 'ஓலை' வாசிப்பது நம்ம பங்குகளில் எல்லாருக்கும் தெரியும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்பார்கள்.

குருப்பட்டத்துக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. 1983-ல் வந்த திருஅவைச் சட்டத்தின் 1043-ம் பிரிவு, குருப்பட்டத்துக்கான தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் அதை ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே சொல்வது நம்பிக்கையாளர்களின் கடமை என்கிறது. உரிமை என்றுகூடச் சொல்லவில்லை, கடமை என்கிறது. ஆணுக்கு, பெண்ணுக்கு என்ற பிரிப்பும் அதில் இல்லை.

அதில் ஒரு வரம்பு உண்டு. 'தடை' என்பதற்குச் சட்டத்தில் குறிப்பிட்ட பட்டியல் இருக்கிறது. 'இந்தப் பையன் ஏழைகளிடம் மரியாதையாகப் பேசமாட்டான்', 'பணத்தில் கை சுத்தமில்லை', 'பெண்களைப் பார்க்கும் பார்வை சரியில்லை' என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் நேராக வராது. ஆனால் பட்டத்துக்கு முன் மாணவரின் தகுதியை விசாரிக்கும் பொறுப்பு குருமட அதிபருக்கும் ஆயருக்கும் இருக்கிறது. பிறரிடம் சான்று கேட்கவும், கோயிலில் பெயரை அறிவிக்கவும் 1051-ம் பிரிவு வழிவிடுகிறது. மேலே சொன்ன தகவல்களெல்லாம் அந்த விசாரணையில் வந்து விழவேண்டியவைதான்.

பட்டமளிப்புச் சடங்கிலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. இவர்கள் தகுதியுள்ளவர்கள் என்று தெரியுமா என ஆயர் எல்லார் முன்னும் கேட்பார். இறைமக்களிடம் விசாரித்ததிலும், பொறுப்பாளர்களின் பரிந்துரையிலும் தகுதியானவர்கள் என்று தெரிந்தது என்ற பொருளில் பதில் சொல்லப்படும்.

இறைமக்களிடம் விசாரித்தார்களா? யாரிடம், எப்போது விசாரித்தார்கள்? பங்கில் களப்பணிக்கு வந்த மாணவரை மாதக்கணக்கில் கிட்டத்திலிருந்து பார்த்தவர்கள் யார்? மறைக்கல்வி வகுப்பு நடத்தும் பெண்கள், அன்பியக் கூட்டத்துக்கு வீட்டைத் திறந்துவிடும் பெண்கள், பங்கு இல்லத்தில் சமைக்கும் அக்கா. குருமடத்தில் வகுப்பெடுக்கும் பேராசிரியருக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்ன மாறுகிறது?

கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. 2016 பயிற்சி விதிகள், மாணவர் பயிற்சியில் பெண்களின் இருப்புக்கே தனி மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டன. 2019-ல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த சட்டம், அத்துமீறல் பற்றிப் புகார் கொடுக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எல்லாரும் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்கவேண்டும் என்றது. 2024 அக்டோபரில் முடிந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், குருமடப் பயிற்சியில் பெண்களின் பங்கு குறிப்பிடத்தக்க அளவில் இருக்கவேண்டும் என்று கேட்டது.

ஆவணம் வேறு, நடைமுறை வேறு. பேராசிரியராகவோ உளவியல் ஆலோசகராகவோ ஒரு துறவற சகோதரியைச் சேர்த்துக்கொள்வதோடு 'பெண்கள் வந்தாச்சு' என்று முடித்துக்கொள்ள முடியும். குடும்பம் நடத்தும் பொதுநிலைப் பெண் ஒருத்தி, மாணவரின் தகுதியை மதிப்பிடும் மேசையில் உட்கார்ந்து பேசுவது இன்னொரு படி. மாமன்ற ஆவணத்தின் சொற்கள் அந்தப் படியை நோக்கியவை. மறைமாவட்டங்கள் அதை எடுத்துவைக்குமா என்பதை வரும் ஆண்டுகளில்தான் பார்க்கவேண்டும்.

இதற்காகச் செபத்தைக் கைவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செபிக்கிறவருக்கு அக்கறை இருக்கிறது, அக்கறை உள்ளவர் கவனிக்கிறார், கவனிப்பவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும். அவ்வளவுதான் வாதம். ஒரு மாணவருக்காக 8 ஆண்டு பெயர் சொல்லி வேண்டிக்கொண்ட பெண்ணிடம், அவருக்குப் பட்டம் கொடுக்கும் முன் 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று ஒருமுறை கேட்பதில் திருஅவைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அடுத்த முறை உங்கள் பங்கில் ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி, 'இவருக்குக் குருப்பட்டம், செபித்துக்கொள்ளுங்கள்' என்று அறிவித்தால், செபியுங்கள். சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். பெயரைப் போட்டு எழுதியும் கொடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.